சேற்று மின்கலம் அமைத்து மின்சாரம் எடுக்கவும் நீரின் மாசை அளக்கவும்: முழுமையான வழிகாட்டி

குளத்துச் சேற்றில் வாழும் ஜியோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் மட்கிய பொருளைத் தின்று, அதிலிருந்து வரும் எலக்ட்ரான்களைத் தங்கள் உடலுக்கு வெளியே இருக்கும் இரும்பு ஆக்சைடின் மீது தள்ளிவிடுகின்றன. இரும்பு ஆக்சைடின் இடத்தில் கரியாலான மின்வாயை (ஆனோடு) வைத்தால் அதன் மீதும் தள்ளும். அந்த எலக்ட்ரான்களைக் கம்பி வழியாக மேலே நீரில் இருக்கும் இன்னொரு மின்வாய்க்கும் (கேத்தோடு), அங்கிருந்து ஆக்சிஜனிடமும் கொண்டுபோய்ச் சேர்த்தால் மின்னோட்டம் கிடைத்துவிடும்.

இங்கே இரண்டு கலங்கள் செய்யப் போகிறோம். முதலாவது வாளியில் அமைக்கும் சேற்றுக் கலம். இரண்டாவது, அதில் வளர்ந்த பாக்டீரியாவைக் கொண்டு நீரின் மாசை அளக்கும் சிறு கலம், அதாவது உணரி. வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான்: பாக்டீரியா வளரும் முன்பே அளக்கிறார்கள், மின்சாரம் பாக்டீரியாவுடையதுதானா என்று பார்க்கும் முன்பே உணரி என்கிறார்கள்.

1. முதலில் கணக்குப் போடுங்கள்

நன்னீர்ச் சேற்றுக் கலம் ஒரு சதுர மீட்டர் ஆனோடுக்குச் சில மில்லிவாட் முதல் சில பத்து மில்லிவாட் வரைதான் தரும். சதுர மீட்டருக்கு 10 மில்லிவாட் என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலமுள்ள ஆனோடு உங்களுக்குத் தருவது 0.1 மில்லிவாட், அதாவது 100 மைக்ரோவாட். 2 வோல்ட்டில் 5 மில்லிஆம்பியர் எடுக்கும் சாதாரண எல்இடிக்கு இதைப் போல் 100 மடங்கு தேவை.

ஆகவே செல்போன் சார்ஜ் செய்வது என்ற நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். இந்தக் கலத்துக்குப் பொருத்தமான வேலை, பேட்டரி மாற்ற ஆள் போக முடியாத இடத்தில் மணிக்கொரு தரமோ நாளுக்கொரு தரமோ விழித்து ஓர் அளவீட்டை அனுப்பிவிட்டுத் தூங்கும் கருவியை ஓட்டுவது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தைச் சேர்ந்த லியனார்ட் டெண்டரின் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், அடிமட்டச் சேற்றுக் கலம் ஒரு வானிலை மிதவையை ஓட்டியது. அந்த மிதவையின் சராசரித் தேவை சுமார் 18 மில்லிவாட். அதற்கே வாளியில் அடங்காத அளவுக்குப் பெரிய மின்வாய்கள் தேவைப்பட்டன.

உணரியாகப் பயன்படுத்தும்போது கதை வேறு. அங்கே மின்னோட்டம் சிறிதாக இருப்பது குறையே இல்லை. நீர் மாறும்போது அதுவும் மாறினால் போதும். என் பார்வையில் இந்த நுட்பத்தின் உண்மையான பயன் அங்கேதான் இருக்கிறது.

2. கையில் இருக்க வேண்டியவை

மின்வாய்க்கு 5 மி.மீ. தடிமனுள்ள கிராஃபைட் ஃபெல்ட், அதாவது கரி இழைகளாலான கம்பளி போன்ற துணி. கம்பிக்கு டைட்டானியம், கிடைக்காவிட்டால் 316எல் வகை எவர்சில்வர் கம்பி. 10 முதல் 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி. 100 ஓம் முதல் 100 கிலோஓம் வரையிலான மின்தடைகள், ஒவ்வொன்றிலும் இரண்டு. மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர், ரப்பர் கையுறை, பழைய சல்லடை.

தொடர்ந்து பதிவு செய்ய, மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு உள்ள சிறு பலகையும், ஆர்டுயினோ ஊனோ போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் வேண்டும். ஆர்டுயினோ ஊனோவின் சொந்த அனலாக் உள்ளீடு 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி கிட்டத்தட்ட 5 மில்லிவோல்ட். உணரியின் சிறு மாற்றங்கள் அந்த ஒரே படிக்குள் மறைந்துவிடும். ஏடிஎஸ்1115-ஐ 1.024 வோல்ட் வீச்சில் வைத்தால் ஒரு படி 0.03 மில்லிவோல்ட்தான்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. செம்புக் கம்பி, துத்தநாகப் பூச்சுள்ள ஜிஐ கம்பி, அலுமினியம் ஆகியவை நீரிலோ சேற்றிலோ படவே கூடாது. அவை அரிக்கும்போது தாமே மின்சாரம் தரும், நீங்கள் அதைப் பாக்டீரியாவின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். செம்பு கூடுதலாக பாக்டீரியாவையும் கொல்லும். பழைய டார்ச் பேட்டரியிலிருந்து உருவிய கரிக்குச்சியையும் தவிர்த்துவிடுங்கள். அதில் ஒட்டியிருக்கும் மாங்கனீசு டைஆக்சைடு தானே எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு பொய்யான மின்னோட்டம் காட்டும்.

3. மின்வாய்களைத் தயார் செய்தல்

ஃபெல்ட்டை 10-க்கு 10 செ.மீ. அளவில் இரண்டாக வெட்டுங்கள். கேத்தோடைக் கொஞ்சம் பெரிதாகவே வெட்டலாம், ஏனென்றால் நடுநிலை நீரில் ஆக்சிஜன் கரியின் மீது மெதுவாகத்தான் வினைபுரியும். பல கலங்களில் திறனைக் கட்டுப்படுத்துவது பாக்டீரியா இருக்கும் பக்கமே இல்லை, கேத்தோடுதான்.

புது ஃபெல்ட் தண்ணீரை உள்ளே விடாது; போட்டால் மிதக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு காய்ச்சி வடித்த நீரில் மூன்று நான்கு முறை பிழிந்து அலசுங்கள். காயவிடாமல் நீரிலேயே வைத்திருங்கள். ஆய்வக உலை கிடைத்தால் 450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்குவது இன்னும் நல்லது, மேற்பரப்பு நீரை ஏற்கும் தன்மைக்கு மாறும். இந்தப் படியைத் தாண்டினால் இழைகளுக்குள் காற்று சிக்கி, ஃபெல்ட்டின் வெளித்தோலில் மட்டும்தான் பாக்டீரியா குடியேறும்.

கம்பியை ஃபெல்ட்டுக்குள் நான்கைந்து முறை தையல் போட்டதுபோல் ஏற்றி இறக்குங்கள். டைட்டானியத்தில் ஈயப்பற்று ஒட்டாது, முயலவும் வேண்டாம். கம்பி வாளிக்கு வெளியே நீண்டு வந்த பிறகு, உலர்ந்த இடத்தில், திருகு முனையத்தில் செம்புக் கம்பியோடு சேருங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கம்பி நுனிக்கும் ஃபெல்ட்டின் எதிர் மூலைக்கும் இடையே பாருங்கள். சில ஓமுக்கு மேல் காட்டினால் தையல் தளர்வாக இருக்கிறது. சேற்றுக்குள் புதைத்த பிறகு இதைத் திருத்த முடியாது.

4. சேறு எடுத்தல்

கருத்த, வழவழப்பான, அழுகிய முட்டை நாற்றம் வீசும் சேறுதான் வேண்டும். குளக்கரை, நெல்வயலின் நீர் நின்ற மூலை, ஊருணியின் ஓரம் எல்லாம் சரி. மேலே உள்ள பழுப்பு நிற அடுக்கை ஒதுக்கிவிட்டு ஒரு சாண் ஆழத்திலிருந்து அள்ளுங்கள். பழுப்பு அடுக்கில் ஆக்சிஜன் புழங்குகிறது. நமக்கு வேண்டிய பாக்டீரியா அது இல்லாத இடத்தில்தான் செழிக்கும். அதே இடத்து நீரையும் ஒரு கேனில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல், வேர், நத்தை, பிளாஸ்டிக் துண்டுகளைச் சல்லடையில் நீக்குங்கள். நண்டும் மண்புழுவும் சேற்றைத் துளைத்துக் காற்றை உள்ளே கொண்டுபோகும், அவற்றையும் எடுத்துவிடுங்கள். சேற்றை வெயிலில் காயவைத்துப் பொடித்து மறுபடி கரைப்பது பலரும் செய்யும் வேலை. அதனால் வளர்ச்சி வாரக்கணக்கில் பின்தங்கிப் போகும்.

சாக்கடைச் சேறு வேகமாக வேலை செய்யும் என்பது உண்மைதான். நோய்க்கிருமியும் அதில் அதிகம். வீட்டில் செய்கிறவர்கள் குளத்தோடு நின்றுகொள்ளலாம். எந்தச் சேறானாலும் கையுறை வேண்டும், வேலை காற்றோட்டமான இடத்தில் நடக்க வேண்டும். சேறு மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் விடும், அதனால் வாளியை எந்தக் கட்டத்திலும் இறுக மூடி வைக்காதீர்கள்.

5. கலத்தை அடுக்குதல்

வாளியின் அடியில் 5 செ.மீ. சேறு போட்டு ஆனோடைப் படுக்கையாக வையுங்கள். அதன் மேல் 5 முதல் 7 செ.மீ. சேறு. கையால் மெதுவாக அழுத்தி, குமிழிகள் வெளியேறும்வரை வாளியைத் தட்டுங்கள். ஆனோடைத் தொட்டபடி காற்றுக்குமிழி இருந்தால் அந்த இடத்தில் எலக்ட்ரான் கம்பிக்கு வராமல் அங்கேயே ஆக்சிஜனுக்குப் போய்விடும்.

பிறகு சேறு கலங்காதபடி, ஒரு தட்டின் மீது ஊற்றி, குளத்து நீரை 5 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். குழாய் நீரைத்தான் ஊற்ற வேண்டும் என்றால் ஒரு நாள் திறந்து வைத்து குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். கேத்தோடை நீர்மட்டத்தை ஒட்டி, மேற்புறம் காற்றைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி தெர்மோகோல் துண்டில் கட்டி மிதக்கவிடுங்கள். நீர் வற்றினாலும் அது கூடவே இறங்கும்.

மின்வாய்களுக்கிடையே உள்ள தூரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. நன்னீரின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 500 மைக்ரோசீமன்ஸ் என்றால், 100 சதுர செ.மீ. மின்வாய்கள் 10 செ.மீ. இடைவெளியில் இருக்கும்போது நீரும் சேறும் மட்டுமே 200 ஓம் தடை தரும். 20 செ.மீ. என்றால் 400 ஓம். கழிமுகத்து உவர்நீரில், அதாவது 20 மில்லிசீமன்ஸில், அதே 10 செ.மீ. வெறும் 5 ஓம்தான். கடலோரச் சேற்றுக் கலங்கள் முந்திக்கொள்வதற்கு ஒரு பெரிய காரணம் இது. ஆனாலும் நன்னீர்க் கலத்தில் உப்பை அள்ளிப் போடாதீர்கள், அங்கே வாழப் பழகிய பாக்டீரியா திடீர் உப்பைத் தாங்காது.

கம்பிகளில் இப்போதே அடையாளம் கட்டிவிடுங்கள். புதைந்திருக்கும் ஆனோடு எதிர்முனை, மேலே இருக்கும் கேத்தோடு நேர்முனை.

6. மின்தடையை மாட்டிவிட்டுக் காத்திருத்தல்

கலக்கும்போது உள்ளே போன ஆக்சிஜன் தீர ஒரு நாள் எதையும் இணைக்காமல் விடுங்கள். மறுநாள் இரு முனைகளுக்கிடையே 1 கிலோஓம் மின்தடையை மாட்டி, அப்படியே விட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் தவறுவது இங்கேதான். எதையும் இணைக்காத கலத்தில் மல்டிமீட்டரை வைத்தால் 0.5, 0.6 வோல்ட் காட்டும், பார்க்க மகிழ்ச்சியாக இருக்கும். மின்தடையை மாட்டியதும் 20 மில்லிவோல்ட்டுக்கு விழும். பயந்துபோய் மின்தடையைக் கழற்றிவிடுகிறார்கள். ஆனால் சுற்று மூடியிருந்தால்தான் எலக்ட்ரான் ஓடும். எலக்ட்ரான் ஓடினால்தான் ஆனோடைப் பற்றி வாழும் பாக்டீரியாவுக்கு மற்றவற்றைவிட ஆதாயம். திறந்த கலத்தில் அந்தப் பாக்டீரியாவுக்கு அங்கே குடியேறக் காரணமே இல்லை.

மின்தடையின் இரு முனைகளிலும் உள்ள மின்னழுத்தத்தைத் தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். 1 கிலோஓமில் 300 மில்லிவோல்ட் என்றால் ஓமின் விதிப்படி 0.3 மில்லிஆம்பியர், 0.09 மில்லிவாட். முதல் சில நாள் ஒன்றும் நடக்காது. பிறகு ஏறும், ஓர் இடத்தில் நின்றுகொள்ளும். நம் ஊர்ச் சூட்டில் இதற்கு ஒன்று முதல் நான்கு வாரம் ஆகும். மலைப்பகுதிக் குளிரில் இன்னும் அதிகம். ஒரு வாரம் முழுக்க ஒரே அளவில் நின்றால் கலம் தயார்.

இந்தக் காலத்தில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஆவியான நீருக்கு ஈடாகக் காய்ச்சி வடித்த நீரையோ மழைநீரையோ சேர்ப்பது. ஆவியாகும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடுகிறது. போர்வெல் நீரையே தொடர்ந்து ஊற்றினால் உப்பு மெல்ல ஏறும், கடத்துதிறன் மாறும், உங்கள் அளவீடும் அதோடு சேர்ந்து நகரும்.

வாளியைக் கறுப்புத் துணியால் மூடுங்கள். வெளிச்சம் பட்டால் பாசி வளர்ந்து பகலில் ஆக்சிஜனை விடும், இரவில் அதையே உறிஞ்சும். மின்னழுத்தம் நாள்தோறும் ஏறி இறங்கும் அழகான வரைபடம் கிடைக்கும், அது சேற்றைப் பற்றி எதுவும் சொல்லாது.

7. இது பாக்டீரியாவின் மின்சாரம்தானா?

இந்தப் படியைச் செய்யாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஈரமண்ணில் ஓர் ஆணியையும் செம்புத் துண்டையும் குத்தினாலே மின்னழுத்தம் வரும். அதையே கண்காட்சியில் பாக்டீரியா மின்சாரம் என்று வைத்திருப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

முதல் சோதனை, எண்ணைப் பார்ப்பது. மட்கிய பொருளுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே கோட்பாட்டளவில் கிடைக்கக்கூடியது சுமார் 1.1 வோல்ட். நடைமுறையில் திறந்த சுற்றில் 0.8 வோல்ட்டைத் தாண்டுவது அரிது. அதற்கு மேல் காட்டினால் உள்ளே எங்கோ உலோகம் அரிக்கிறது.

இரண்டாவது, அவித்த சேறு. அதே சேற்றைச் சிறு பாத்திரங்களில் போட்டு, வெயிட் போட்ட குக்கரில் அரை மணி நேரம் வேகவையுங்கள். சரியான வெயிட் உள்ள குக்கரில் சுமார் 121 டிகிரி வரும். அடுத்தடுத்து மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள், முதல் நாள் தப்பிய வித்துகள் முளைத்த பிறகு மறுநாள் சாகும். இந்தச் சேற்றில் அதே மின்வாய், அதே 1 கிலோஓம் வைத்து ஒரு கலம் அமையுங்கள். உயிருள்ள கலம் ஏறும்போது இது கிடையாகக் கிடக்க வேண்டும். மூடியில்லாததால் சில வாரத்தில் இதிலும் பாக்டீரியா புகுந்துவிடும், ஆகவே முதல் இரண்டு வாரத்தை மட்டும் ஒப்பிடுங்கள். அந்தக் குக்கர் மறுபடி சமையலுக்குப் போகக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, தீனி. ஊசியில்லாச் சிரிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டி, ஆனோடு பக்கத்தில் சிறிது சோடியம் அசிட்டேட் கரைசலைச் செலுத்துங்கள். பாக்டீரியாக் கலத்தில் சில மணி நேரத்தில் மின்னோட்டம் ஏறி, அசிட்டேட் தீர்ந்ததும் பழைய இடத்துக்கு இறங்கும். அரிக்கும் உலோகத்துக்கு அசிட்டேட்டால் இப்படி ஏறி இறங்கும் பழக்கம் கிடையாது.

8. திறனை அளத்தல்

மின்தடையைக் கழற்றி, மின்னழுத்தம் ஏறி நிற்கும்வரை காத்திருங்கள். ஓர் இரவு ஆகலாம். பிறகு பெரியதிலிருந்து சிறியதற்கு: 100 கிலோஓம், 47, 22, 10, 4.7, 2.2, 1 கிலோஓம், 470, 220, 100 ஓம். ஒவ்வொன்றையும் குறைந்தது 20 முதல் 30 நிமிடம் மாட்டி, எண் நிலைத்த பிறகு எழுதுங்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை ஓமால் வகுத்தால் திறன். எந்த மின்தடையில் திறன் உச்சமோ, ஏறக்குறைய அதுவே உங்கள் கலத்தின் உள்தடை.

ஒரு நிமிடத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொண்டே போனால் திறன் உண்மையைவிட மிக அதிகமாகத் தெரியும். ஃபெல்ட்டும் அதன் மீதான பாக்டீரியாப் படலமும் மின்தேக்கி போல் மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கின்றன. நீங்கள் அளப்பது அந்தச் சேமிப்பு காலியாவதைத்தான். யாராவது வியக்கத்தக்க எண்ணைச் சொன்னால், ஒவ்வொரு மின்தடையிலும் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேளுங்கள்.

சில வேளை சிறிய மின்தடைகளில் மின்னழுத்தம் மட்டுமல்லாமல் மின்னோட்டமும் சேர்ந்து விழும், கோடு பின்னோக்கி வளையும். படலம் இன்னும் முதிரவில்லை என்று பொருள். சில நாள் 220 ஓமில் ஓடவிட்டு மறுபடி அளந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

9. மின்சாரத்தைச் சேமித்துப் பயன்படுத்துதல்

0.3 வோல்ட்டில் எந்தச் சில்லும் ஓடாது. உடனே எல்லோருக்கும் தோன்றுவது பல கலங்களைத் தொடராக இணைப்பது. ஒரே குளத்தில் அல்லது ஒரே தொட்டியில் இருக்கும் கலங்களைத் தொடராக இணைக்க முடியாது. எல்லாவற்றுக்கும் நீர் பொது, அயனிகள் நீர் வழியே குறுக்கே ஓடிவிடும். தனித்தனி வாளிகளில் இணைக்கலாம். அப்போதும் தீனி குறைந்த ஒரு கலம் மற்றவற்றின் மின்னோட்டத்தைத் தாங்க முடியாமல் முனை புரண்டுவிடும், அந்தப் படலம் கெடும். ஆகவே பக்க இணைப்பில் மின்னோட்டத்தைக் கூட்டி, ஒரு மின்னழுத்த உயர்த்தியால் ஏற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது.

உயர்த்தி வாங்கும்போது தொடக்க மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எல்டிசி3108 வெறும் 20 மில்லிவோல்ட்டிலேயே தொடங்கும். ஆனால் அது வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சாதனங்களுக்காக ஆனது, அதன் உள்ளீட்டுத் தடை சில ஓம்தான். சில நூறு ஓம் உள்தடை கொண்ட நம் கலத்தை அது தரையோடு இழுத்துவிடும். பிக்யூ25504 போன்ற, உச்சத் திறனைத் தேடும் வசதியுள்ள சில்லு பொருத்தமானது. சூரியப் பலகைக்கென்று திறந்த சுற்று மின்னழுத்தத்தில் 80 சதவீதத்தில் வைத்து வரும் பலகைகளில், அதை அமைக்கும் மின்தடைகளை மாற்றி 50 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். நம் கலத்தின் உச்சம் அங்கேதான் இருக்கும்.

சேமிக்க 1 ஃபாரட் சூப்பர்கெபாசிட்டர். 2.2 வோல்ட்டிலிருந்து 3.3 வரை ஏற 3 ஜூல் வேண்டும். 100 மைக்ரோவாட் கலத்தில் உயர்த்தி பாதியைக் கொண்டுவந்து சேர்த்தால், 50 மைக்ரோவாட்டில் இதற்குச் சுமார் 17 மணி நேரம் ஆகும். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் இன்னும் 13 மணி நேரத்துக்கு மேல். அதனால் முதல் முறை மட்டும் இரண்டு பென்சில் பேட்டரியை வைத்து 2.5 வோல்ட்டுக்கு ஏற்றிவிட்டு ஆரம்பியுங்கள். கெபாசிட்டரின் சொந்தக் கசிவையும் அளந்து பாருங்கள். 3 வோல்ட்டில் 10 மைக்ரோஆம்பியர் கசிந்தால் 30 மைக்ரோவாட் அங்கேயே போய்விடும்.

செலவுப் பக்கம்: 13 டெசிபெல்-மில்லிவாட்டில் அனுப்பும் லோரா என்னும் தொலைதூர ரேடியோச் சில்லு சுமார் 29 மில்லிஆம்பியர் எடுக்கும். 3 வோல்ட்டில் ஒரு நொடி அனுப்பினால் 0.09 ஜூல். சேர்த்த 3 ஜூலில் இது தாராளம். பிரச்சினை தூக்கத்தில் இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ பலகை சும்மா இருக்கும்போதே பல பத்து மில்லிஆம்பியர் தின்னும். அதில் எரியும் சிறு விளக்கு ஒன்றே உங்கள் கலத்தின் முழு வருமானத்தையும் தாண்டும். பலகையை விட்டுத் தனிச் சில்லை எடுங்கள். இல்லையென்றால் டிபிஎல்5110 போன்ற நேரச்சில்லால் மின்சாரத்தையே முழுதாகத் துண்டித்து, நேரம் வந்ததும் எழுப்புங்கள்.

10. உணரிக்கான சிறு கலம்

வாளிக் கலம் உணரியாக மந்தமானது. மேலே ஊற்றிய மாசு சேற்றின் வழியே ஊறி ஆனோடை அடைய நாட்கணக்கில் ஆகும். நீர் நேரடியாக ஆனோடைத் தொடும் சிறு கலம் வேண்டும்.

100 மில்லிலிட்டர் கொள்ளளவுள்ள அக்ரிலிக் அல்லது பிளாஸ்டிக் டப்பா. ஒரு பக்கச் சுவரில் வட்டமாக வெட்டி, காற்று கேத்தோடைப் பொருத்துங்கள்: உட்புறம் கிளர்வூட்டிய கரி, வெளிப்புறம் நீர் புகாமல் காற்று மட்டும் புகும் டெஃப்லான் பூச்சு. இதை வீட்டில் செய்யலாம், ஆனால் ஒழுகும். எரிபொருள் கலங்களுக்கென்று தயாராக விற்கும் துணியை வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். பொருத்தியதும் நீர் நிரப்பி ஓர் இரவு வைத்து ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

உள்ளே ஊற்ற வேண்டிய ஊடகம், லிட்டருக்கு: டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 4.58 கிராம், ஒற்றை நீரேற்றிய சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 2.45 கிராம், அமோனியம் குளோரைடு 0.31 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.13 கிராம். நுண்சத்துக்கு வாளிக் கலத்தின் தெளிநீர் கொஞ்சம். பாஸ்பேட் இல்லாவிட்டால் பாக்டீரியா வெளிவிடும் அமிலம் படலத்துக்குள்ளேயே தேங்கி, தீனி இருந்தும் அது ஓய்ந்துவிடும்.

வாளிக் கலத்தின் ஆனோடிலிருந்து சிறு துண்டை வெட்டி, புது ஃபெல்ட்டோடு கட்டி உள்ளே வையுங்கள். லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிட்டேட் சேர்த்து 1 கிலோஓமில் ஓடவிடுங்கள். மின்னோட்டம் உச்சம் தொட்டு இறங்கியதும் ஊடகத்தை மாற்றுங்கள். தொடர்ந்து மூன்று சுற்றில் ஒரே உச்சம் வந்தால்தான் அடுத்த படி. புதுச் சேற்றிலிருந்து நேரடியாகத் தொடங்குவதைவிட இது வேகமானது. ஆனோடில் ஏற்கெனவே தேறிய கூட்டத்தைத்தானே குடியேற்றுகிறோம்.

11. அளவுத்திருத்தம்

இப்போது மின்தடையை 100 ஓமுக்கு இறக்குங்கள். பெரிய மின்தடையில் எலக்ட்ரான் போகும் வழியே குறுகல், தீனி கூடினாலும் குறைந்தாலும் மின்னோட்டம் அதிகம் மாறாது. உணரிக்குத் தீனி மட்டுமே கட்டுப்பாடாக இருக்க வேண்டும்.

வெப்பத்தைக் கட்டுப்படுத்துங்கள். மீன்தொட்டி ஹீட்டர் போட்ட நீர்த்தொட்டியில் கலத்தை வைத்து 30 டிகிரியில் நிறுத்தலாம். பகலுக்கும் இரவுக்கும் சில டிகிரி மாறினாலே மின்னோட்டம் மாறும், நீங்கள் அதை மாசு என்று படித்துவிடுவீர்கள்.

அசிட்டேட் கரைசல்களைத் தயாரிக்கும்போது புட்டியின் லேபிளைப் படியுங்கள். நீரின் மாசை வேதி ஆக்சிஜன் தேவையாக, அதாவது அதிலுள்ள மட்கும் பொருளை முழுதாக ஆக்சிஜனேற்ற வேண்டிய ஆக்சிஜனாகக் கணக்கிடுகிறோம். நீரற்ற சோடியம் அசிட்டேட் 1 கிராம் 0.78 கிராம் வேதி ஆக்சிஜன் தேவைக்குச் சமம். மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வகை 0.47 மட்டுமே. கடைகளில் இரண்டும் கிடைக்கும். அளவுத்திருத்தம் முழுவதும் ஒரே விகிதத்தில் தவறிப்போவதற்கு வழக்கமான காரணம் இதுதான்.

லிட்டருக்கு 0, 25, 50, 100, 150, 200 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை வரும்படி வைத்து, வரிசையாக ஏறாமல் கலைத்துப் போட்டு அளங்கள். நேற்று நிறையத் தின்ற படலம் இன்று பட்டினியிலும் சேமிப்பைக் கரைத்து மின்னோட்டம் தரும். ஏறுவரிசையில் போனால் இந்தப் பிழை கோட்டோடு ஒளிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கலத்தின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நீரை ஓட்டி, பழையதை முழுக்க வெளியேற்றுங்கள்.

குறைந்த அளவுகளில் நேர்கோடு கிடைக்கும், பிறகு வளைந்து தட்டையாகும். அங்கே பாக்டீரியா தன் முழு வேகத்தில் இருக்கிறது. அதற்கு மேல் தீனி போட்டும் பயனில்லை. தட்டையான பகுதியில் விழும் மாதிரிகளை ஊடகத்தால் நீர்த்து அளங்கள்.

மின்னோட்டத்தின் உயரத்துக்குப் பதில், தீனி தீரும்வரை ஓடிய மொத்த மின்னூட்டத்தையும் கூட்டலாம். நேரம் பிடிக்கும், ஆனால் நேர்கோடு நீளும். சரிபார்க்கவும் உதவும்: 100 மில்லிலிட்டரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் என்றால் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவை, அதற்கு ஈடான மின்னூட்டம் சுமார் 120 கூலும். உங்களுக்கு 36 வந்தால் 30 சதவீதம் மின்சாரமாகியிருக்கிறது. 120-க்கு மேல் வந்தால் கணக்கிலோ கம்பியிலோ தவறு.

அசிட்டேட்டில் போட்ட கோட்டை அப்படியே சாயப்பட்டறை நீருக்கோ ஓட்டல் கழிவுக்கோ பயன்படுத்த முடியாது. மாவுச்சத்தும் கொழுப்பும் முதலில் நொதித்து உடைய வேண்டும், அது மெதுவான வேலை. எந்த நீரை அளக்கப் போகிறீர்களோ அதையே ஆய்வகத்தில் பிஓடி சோதனைக்கு (மாசைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஆக்சிஜனை அளப்பது) கொடுத்து, உங்கள் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டுத் தனிக் கோடு போடுங்கள். இந்தியாவில் வழக்கமான முறை 27 டிகிரியில் 3 நாள். வெளிநாட்டுக் கட்டுரைகளில் பெரும்பாலும் 20 டிகிரியில் 5 நாள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். அந்த நாட்களைச் சில மணி நேரமாகச் சுருக்குவதுதான் இந்த உணரியின் ஆதாயம். தென்கொரியாவில் கிம் பியுங் ஹோங்கின் குழு இப்படிப்பட்ட ஒரு பிஓடி உணரியை 5 ஆண்டுக்கு மேல் ஓட்டியிருக்கிறது.

மாதிரி நீரில் கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட் இரண்டும் அதிகமிருந்தால் அளவு குறைத்துக் காட்டும். எலக்ட்ரான் ஆனோடுக்கு வருவதற்குள் அவை பறித்துக்கொள்ளும். உரம் கலந்த வயல்நீரை அளக்கும்போது நைட்ரேட்டைத் தனியாகச் சோதித்துக்கொள்வது நல்லது.

12. நச்சைக் கண்டுபிடிக்க

மின்னோட்டம் விழுந்தால் இரண்டு பொருள் உண்டு: நீர் சுத்தமாகிவிட்டது, அல்லது பாக்டீரியா சாகிறது. ஒரே கலத்தை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது.

ஆகவே நச்சுக்குத் தனிக் கலம். அதற்கு எப்போதும் தேவைக்கு மேல் அசிட்டேட் கொடுத்து, முந்தைய படியில் பார்த்த தட்டையான பகுதியிலேயே ஓடவிடுங்கள். தீனி கூடினாலும் குறைந்தாலும் அங்கே மின்னோட்டம் அசையாது. விழுந்தால் நச்சு, அமிலம் அல்லது வெப்பம்தான் காரணம். பக்கத்தில் நல்ல நீர் மட்டும் ஓடும் இன்னொரு கலத்தை வைத்தால் வெப்பத்தின் பங்கு கழிந்துவிடும். பிஎச் அளவியும் இருந்தால் அமிலமும் கழியும்.

சோதிக்க, உரக்கடையில் கிடைக்கும் மயில்துத்தத்தை மிகச் சிறிய அளவில் கரைத்துச் செலுத்தலாம். இதற்கு இழக்கத் தயாரான கலத்தையே பயன்படுத்துங்கள். செம்பு படலத்தில் படிந்துவிட்டால் கழுவினாலும் முழுதாகப் போகாது. அந்த நீரைத் திரும்பக் குளத்திலோ தோட்டத்திலோ ஊற்றக் கூடாது.

13. ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் கோளாறுகள்

மின்னழுத்தம் மெல்ல மெல்ல, வாரக்கணக்கில் இறங்கினால் முதலில் கேத்தோடைப் பாருங்கள். வழவழப்பான படலமோ வெண்மையான உப்போ படிந்திருக்கும். மென்மையான தூரிகையால் தேய்த்துக் கழுவினால் பெரும்பாலும் மீளும். ஆனோடைத் தோண்டி எடுத்துப் பார்க்கும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். ஒரு முறை காற்றுப் பட்டால் மீள நாட்கள் ஆகும்.

திடீரென்று பூஜ்யமானால் பாக்டீரியாவைச் சந்தேகிக்காதீர்கள். உயிர் அவ்வளவு வேகமாக நிற்பதில்லை. திருகு முனையத்தில் செம்புக் கம்பி பச்சை பூத்திருக்கும், அல்லது கேத்தோடு நீருக்கு மேல் காய்ந்திருக்கும்.

எண் குதித்துக்கொண்டே இருந்தால் கம்பி வீட்டு மின்சாரத்தின் இரைச்சலைப் பிடிக்கிறது. கம்பிகளை முறுக்கிவிட்டு, ஏடிஎஸ்1115-ல் இரு முனை வேறுபாட்டை அளக்கும் முறைக்கு மாறுங்கள்.

ஊருக்குப் போகும்போது கலத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. வாளிக் கலத்தில் நீரை நிரப்பி 1 கிலோஓமை மாட்டியபடியே விட்டுவிடலாம், சேற்றில் தீனி நிறைய உண்டு. சிறு கலத்துக்குப் புது ஊடகமும் அசிட்டேட்டும் ஊற்றி, 100 ஓமை எடுத்துவிட்டு 1 கிலோஓமுக்கு மாற்றிவிட்டுப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் என்றால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம், உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் வேண்டாம். திரும்பி வந்ததும் மூன்று சுற்றுத் தீனி கொடுத்து உச்சம் பழையபடி வருகிறதா என்று பார்த்து, 100 ஓமை மறுபடி மாட்டி இரண்டு அளவுகளை மட்டும் சோதியுங்கள். அவை பழைய கோட்டில் விழாவிட்டால் 11-ஆம் படியை முழுதாக மறுபடி செய்ய வேண்டும்.